பாஸ்க் வீட்டுப் பெட்டைகள்

வானொலியில் செய்தி தொடங்கும்போதெல்லாம் கிளெமென்ட் பாஸ்க் முட்டைகளைப் புரட்டுகிறார். காலை ஆறுக்கு ஒருமுறை, மதியம் ஒன்றுக்கு ஒருமுறை, சாயங்காலம் ஏழுக்கு ஒருமுறை. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பென்சிலால் போட்ட பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். பெருக்கல் மேலே இருந்தால் வட்டத்தைக் கொண்டுவர வேண்டும். வட்டம் இருந்தால் பெருக்கலை. முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் தானே புரட்டிக்கொள்ளும் வகைதான். அதற்கான மோட்டாரை வாங்கி வந்த அன்றே கழற்றிப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டார். "மெஷினுக்கு என்ன தெரியும், எது தலை எது காலுன்னு," என்பார். சொல்வது வானொலியிடம்.

சாப்பாட்டு மேசைக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்காருகிறார். மற்றதில் இன்குபேட்டர் உட்கார்ந்திருக்கிறது, அடியில் ஒரு மெத்தைத் துண்டோடு.

முட்டைகள் நீலம். மழை விட்டபின் மேகங்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் மட்டும் தெரிகிற நீலம். உடைத்தால் ஓட்டின் உள்பக்கமும் அதே நிறம்தான். மேலே பூசிய சாயமில்லை. இந்த ஏப்ரலில் அவர் புரட்டியது இருபத்துநான்கு முட்டைகள். ஏழாம் நாள், சரக்கறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றையும் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உயிர் பிடித்திருந்தால் சிலந்தி கால் விரித்ததுபோல் சிவந்த நரம்புகள் தெரியும். ஒன்றிலும் இல்லை. ஆளில்லாத வீட்டில் விளக்கேற்றி வைத்ததுபோல் இருபத்துநான்கும் பளிச்சென்று வெறுமையாக இருந்தன. அன்றைக்கே எடுத்துக் கொட்டியிருக்க வேண்டும். பன்னிரண்டாம் நாளும் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு வேறு என்ன செய்வது?

மார்ச்சில் வைத்த முட்டைகளும் இதே கதைதான். முப்பத்தொரு வருடமாக வேறு ரத்தம் கலக்காமல் அவர் கொண்டுவந்த கிரீம் லெக்பார் என்ற கோழி வம்சம் இந்த வசந்தத்தோடு நின்றுபோகும் போலிருந்தது. கொட்டகையில் மிச்சம் பதினொரு பெட்டைகள், ஒரு கிழச் சேவல்.

பாஸ்க்குக்கு அறுபத்தொன்பது வயது. ஆறடிக்கு மேல் உயரம். கொட்டகை வாசல்கள் நாலடி. வாழ்நாளில் பாதியைக் குனிந்தே கழித்ததால், தேவாலய வாசலிலும் தபால் நிலைய வாசலிலும்கூடக் குனிந்துதான் நுழைகிறார். சட்டைப் பையில் பென்சில், டார்ச், ஒரு முழம் சணல். மதியம் வேகவைத்த உருளைக்கிழங்கு, குளிர்ந்த பன்றிக்கறி, ஊறவைத்த வெங்காயம். முட்டை சாப்பிடுவதில்லை. ஏன் என்று கேட்டால், "வேல செய்யற எடத்துல சாப்பிடக் கூடாது," என்கிறார். வீட்டைச் சுற்றி லிங்கன்ஷயரின் தாழ்நிலம், மேசைபோல் தட்டையாக, கண்ணுக்கு எட்டிய மட்டும் கோஸ் வயலும் நேர்கோட்டு வாய்க்காலும். யாராவது வந்தால் இரண்டு மைலுக்கு முன்பே தெரிந்துவிடும். அந்த வசதி அவருக்குப் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. வாசலில் ஒரு பலகை தொங்குகிறது: முட்டை பெட்டியில். மணி அடிக்க வேண்டாம்.

இந்தக் கோழியின் பெருமை நீல முட்டையோடு முடிவதில்லை. பொரித்த அன்றைக்கே குஞ்சு தன்னை யாரென்று சொல்லிவிடும். பெட்டைக்கு உச்சந்தலையிலிருந்து வால்வரை முதுகில் கரும்பழுப்புக் கோடு, மை தொட்டு இழுத்ததுபோல் ஓரம் தெளிவாக. சேவலுக்கு அதே கோடு ஈரத்தாளில் இழுத்ததுபோல் கலங்கியிருக்கும். தலையில் வெளுத்த புள்ளி ஒன்று. மற்ற கோழிகளில் மாதக்கணக்கில் காத்திருந்து தெரிந்துகொள்வதை இதில் முதல் நாளே படித்துவிடலாம்.

பொரிக்கும் நாளில் பாஸ்க் கழுத்துப்பட்டை கட்டுகிறார். குஞ்சைக் கைக்குள் எடுத்து, முதுகைச் சன்னலுக்குக் காட்டி, "பொண்ணு" என்கிறார். அடுத்தது. "பொண்ணு." அடுத்தது. "பையன்." ஒன்றுக்கு மூன்று நொடி ஆகாது. பெண்கள் வலப்பக்கம் இருக்கும் பெட்டிக்குப் போகின்றன. பையன்களைத் தொப்பியில் எடுத்துக்கொண்டு கொட்டகையின் பின்பக்கம் போவார். இந்த இனத்தை உண்டாக்கியவர்கள் உண்டாக்கியதே இதற்குத்தான். தீனி வீணாகாமல் முதல் நாளே பிரித்துவிட. உயிரை எடுக்கும் அந்த வேலையை அவர் தானே, வேகமாக, நோகாமல் செய்துவிடுவார். செய்த நாளில் மதியம் சாப்பிடுவதில்லை.

எப்போதும் இரண்டு பையன்களை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்வார். வெளியே போவதெல்லாம் பெட்டைகள். எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு சேவலைக் கொடுத்ததில்லை. கோழி வளர்ப்போர் சங்கத்தில் அவர் வீட்டுக்குக் 'கன்னியர் மடம்' என்று பெயர். காரணம் பழையது. ஆரம்ப வருடங்களில் ஒருவருக்கு நம்பி ஒரு ஜோடி கொடுத்தார். மறுவருடக் கண்காட்சியில் அந்த ஜோடியின் பிள்ளை முதல் பரிசு வாங்கியது. கூண்டில் தொங்கிய அட்டையில் வளர்த்தவர் பெயர் இருந்தது. பாஸ்க் பெயர் இல்லை. அட்டையை மூன்று முறை படித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றோடு சரி.

ஆனாலும் கண்காட்சிக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. நவம்பரில் மூன்று நாள். சமையலறைத் தொட்டியில் கோழியைக் குழந்தை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, ஹேர் டிரையரால் உலர்த்தி, காலுக்கு எண்ணெய் தடவிக் கொண்டுபோவார். கூண்டுக்குப் பக்கத்தில் மடக்கு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். வருகிறவர்கள் கோழியைப் பார்ப்பார்கள், அப்புறம் கோழியைப் பற்றிக் கேட்க அவரையும் பார்ப்பார்கள். வருடத்தில் அவர் அதிகம் பேசியது அந்த மூன்று நாட்களில்தான். பறவைக் காய்ச்சல் வந்து கண்காட்சிகள் நின்றுபோயின. இப்போதும் நவம்பரின் அந்தச் சனிக்கிழமை ஒரு பெட்டையைக் குளிப்பாட்டி, உலர்த்தி, சமையலறை மேசைமேல் நிறுத்துகிறார். அது இரண்டடி நடந்து, ரொட்டித் துணுக்கு ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கும். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு செப்டம்பர் காலையில் தொலைபேசி அடித்தது. பேசியவர் லோர்னா வின். கடலோரத்தில், பதினெட்டு மைல் தள்ளி இருப்பவர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த மே மாதம்தான் பாஸ்க்கிடம் நாலு பெட்டைக் குஞ்சுகள் வாங்கிப் போயிருந்தார்.

"மிஸ்டர் பாஸ்க், நீங்க குடுத்த நாலு பொண்ணுல ஒருத்தி இன்னிக்குக் காலைல கூவினா."

"கூவியிருக்காது. கொட்டாவி விட்டிருக்கும்."

"கொட்டாவியா? ரோட்டு முனை வரைக்கும் கேட்டுச்சுங்க."

"சில பொட்டைங்க கூவும். ஆயிரத்துல ஒண்ணு."

"அப்படிங்களா? மத்த மூணையும் தொரத்தித் தொரத்தி மிதிக்கிறாளே, அது எத்தனையில ஒண்ணு?"

"பக்கத்து வீட்டுச் சேவல் வேலி தாண்டி வந்திருக்கும். நல்லாப் பாருங்க."

"எனக்குப் பக்கத்து வீடுன்னா கடல்தாங்க."

"மிசஸ் வின், என் கை வழியா ஆறாயிரம் குஞ்சு போயிருக்கு. ஒண்ணுகூட மாறினதில்ல."

வைத்துவிட்டார். அப்புறம் இரண்டு முறை மணி அடித்தது. எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

போன அக்டோபரில் அவருக்குக் கண்புரை அறுவை நடந்தது. தானாகப் போகவில்லை. வேன் மூன்றாவது முறையாக வாசல் கல்லில் உரசிய பிறகு, தீவனம் கொண்டுவரும் நெவில் டாயின்தான் தன் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார். நெவில் அவரோடு உள்ளூர்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்; அவரை 'நீ' என்று அழைக்க இன்றைக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆள்.

கட்டுப் பிரித்த மறுநாள் காலை, கூட்டுக்குள் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்த பாஸ்க், யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தார். அவ்வளவு நீலம். கொஞ்ச வருடங்களாக முட்டைகள் பச்சையடித்துப் போகின்றன என்று அவருக்கு ஒரு கவலை இருந்தது. நெவிலிடம்கூட, "மூட்டைல என்னத்தடா கலக்கற?" என்று சண்டை போட்டிருக்கிறார். முட்டைகள் எப்போதும் போலத்தான் இருந்திருக்கின்றன. பச்சை, கண்ணில் இருந்திருக்கிறது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். தீனி வரும் என்று கோழிகள் சுற்றிக் கூடின. அவர் கையில் முட்டையை வைத்துக்கொண்டு, முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கோடு தெளிவா கலங்கலா என்று பார்த்ததும் இதே கண்தான். கலங்கிய கண்ணுக்கு எல்லாக் கோடும் கலங்கல். மங்கலில் அந்த வெளுத்த புள்ளி தெரியாது. அப்படியானால் கடைசி நாலைந்து வருடம் அவர் பார்த்துச் சொன்னது எதை? கருத்தது பெண், வெளுத்தது பையன் என்று கை பழக்கத்தில் பிரித்திருக்கிறது. தொப்பியில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனதில் பெண்கள் எத்தனை?

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கொட்டகையின் பின்பக்கம் போகும் நடைபாதையில் இப்போது புல் முளைத்திருக்கிறது. உரக்குழிக்குப் போக வேண்டுமென்றால் வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு போகிறார்.

ஜனவரியில் பறவைக் காய்ச்சலுக்காகப் பறவைகளை எல்லாம் உள்ளே அடைக்கச் சொல்லி அரசு உத்தரவு வந்தது. கொட்டகை போதவில்லை. இரண்டு சேவல்களையும் ஒரே கொட்டகையில் விட்டு, நடுவில் பலகை வைத்து மறித்தார். புயலடித்த ஒரு ராத்திரியில் பலகை சாய்ந்துவிட்டது. காலையில் இளஞ்சேவல் செத்துக் கிடந்தது. கிழச் சேவல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றது. அந்தக் கிழம்தான் இப்போது மிச்சம். இறக்கையைத் தாழ்த்திப் பெட்டையைச் சுற்றும், ஏறும், சறுக்கி விழும். விழுந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்.

வெளியில் ஒரு சேவல் வாங்கிக்கொள்ளலாமே என்றால், "அடுத்தவன் சேவல விட்டா, பொறக்கறது அடுத்தவன் கோழி," என்பார்.

வியாழக்கிழமை நெவில் மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு, கிருமிநாசினித் தொட்டிக்கு அந்தப்பக்கமே நின்றார். பூட்ஸை நனைத்தால் ஒவ்வொரு வீட்டிலும் நனைக்க வேண்டும் என்பது அவர் கஷ்டம்.

"என்ன கிளெம், ஏதாவது ஒட்டுச்சா?"

"இல்ல."

"இந்தத் தடவையும் கூமுட்டையா?"

"இருபத்துநாலும்."

"கெழவன் ஏறலியா?"

"ஏறறான். ஏறி எறங்கறான்."

"நம்ம கதைதான்." நெவில் தொப்பியைக் கழற்றி மண்டையைச் சொறிந்தார். "இங்க பாரு, சொன்னா கோவிக்காத. போன வாரம் லோர்னா வின் வீட்டுல மூட்டை எறக்கினேன். முற்றம் பூரா உன் கோழி மாதிரியே குடுமி வெச்ச கோழி. முட்டை உன் முட்டையேதான். கூரை மேல ஒரு சேவல் நிக்குது பாரு, நம்ம மேயர் தோத்தாரு."

"வேற எங்கயாவது வாங்கியிருப்பாங்க."

"உன்கிட்ட வாங்கின நாலுதான், வேற ஒரு இறகுகூட வாங்கலன்னு சத்தியம் பண்றாங்க."

"என்கிட்டேர்ந்து சேவல் வெளிய போனதில்ல. உனக்கே தெரியும்."

"அப்படின்னா கன்னியர் மடத்துல அற்புதம் நடந்திருக்கு. பாதிரியாருக்குச் சொல்லியனுப்பு." பாஸ்க் சிரிக்காததைப் பார்த்து நெவில் குரலைத் தணித்துக்கொண்டார். "கிளெம், அது உன் சேவலா இருந்தா உன் கோழி பொழைக்கும். ஆனா நீ தப்பு பண்ணினன்னு ஆயிடும். உன் சேவல் இல்லன்னா நீ சொன்னது நெசம். கோழி போயிடும். ரெண்டும் வேணும்னா நடக்காது. எது வேணும்னு நீயே பாத்துக்க. அடுத்த வாரத்துக்கு ரெண்டு மூட்டையா, ஒண்ணு போதுமா, அதமட்டும் எனக்குச் சொல்லு."

"ரெண்டு," என்றார் பாஸ்க்.

லாரி போன பிறகு, அது இரண்டு மைல் தூரம் சிறுத்துச் சிறுத்து மறையும்வரை வாசலிலேயே நின்றார்.

அது தன் சேவல்தானா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அதை நெவிலிடம் சொல்லவில்லை. கண்காட்சியில் அந்த அட்டையைப் படித்த வருடத்திலிருந்து, வாசலைத் தாண்டும் ஒவ்வொரு குஞ்சுக்கும் அவர் ஓர் அடையாளம் வைக்கிறார். பஸ் கண்டக்டர் டிக்கெட்டில் துளை போடுவாரே, அதைப்போன்ற சின்ன இடுக்கியால் கால் விரல்களுக்கு நடுவே இருக்கும் சவ்வில் ஒரு துளை. பெண்ணுக்கு இடது காலில். தனக்கென வைத்துக்கொள்ளும் பையனுக்கு வலது காலில். வாங்கிப் போகிறவர்கள் யாரும் கோழியின் விரலிடுக்கைப் பார்ப்பதில்லை, அவரும் சொல்வதில்லை. லோர்னா வின் வீட்டுக் கூரைமேல் நிற்பது அவருடையதாக இருந்தால், அந்தச் சேவலின் இடது காலில் பெண் என்று அவர் கையால் போட்ட துளை இருக்கும். சரியாகக் குத்தப்படாத துளை வளர வளர மூடிக்கொள்வதும் உண்டு. மூடியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஏப்ரல் கடைசியில் அடைப்பு உத்தரவை நீக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, இருபத்துநான்கு முட்டைகளையும் வாளியில் அடுக்கி உரக்குழிக்குக் கொண்டுபோனார். எறியவில்லை, குனிந்து ஒவ்வொன்றாக வைத்தார். பிறகு கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டார். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியை வேனில் ஏற்றினார். இறக்கினார். என்ஜினைக் கிளப்பிய பிறகு இறங்கிப் போய் மறுபடியும் எடுத்து வந்து, யார் கண்ணிலும் படாமல் இருக்கையின் பின்னால் வைத்தார்.

லோர்னா வின் ரப்பர் பூட்ஸோடு முற்றத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது பிள்ளைகளை இருபது வருடம் அடக்கி உட்காரவைத்த குரல்.

"வாங்க வாங்க! ஃபோன வெச்சிட்டு, நாலு வருஷம் கழிச்சு நேர்ல பதில் சொல்ல வந்துட்டீங்களா?"

பாஸ்க் இரண்டு பூட்ஸையும் வாசலில் இருந்த கிருமிநாசினித் தொட்டியில் நனைத்துக்கொண்டிருந்தார். தேவைக்கு அதிகமாகவே நனைத்தார். "இங்க ஒரு சேவல் இருக்குன்னாங்க."

"சேவலா? எங்கிட்ட ஏதுங்க சேவல்? நீங்க குடுத்த பொண்ணுதான் இருக்கா." கொட்டகைப் பக்கம் திரும்பி, பேருந்தின் கடைசி இருக்கைக்குக் கேட்கும்படி கத்தினார். "மிஸ் பாஸ்க்! மிஸ் பாஸ்க், எறங்கி வாடி! வீட்டுலேர்ந்து வந்திருக்காங்க!"

கூரைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த சேவல் தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்துவிட்டுக் குதித்தது. கழுத்தில் பாலாடை நிறத்தில் இறகுகள் வழிந்தன. மார்பு சாம்பல், ஒவ்வொரு இறகிலும் குறுக்கே மெல்லிய வரிகள். தோளில் மட்டும் கொஞ்சம் செம்மை. கொண்டைக்குப் பின்னால் குடுமி, சீப்பால் படிய வாரியதுபோல். ஜனவரியில் செத்த இளஞ்சேவல் இன்னும் நாலு வருடம் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும். பாஸ்க் சுற்றிலும் பார்த்தார். வேலியோரத்தில், தண்ணீர்த் தொட்டியடியில், கதவிடுக்கில், எங்கு பார்த்தாலும் அவர் கொட்டகையின் முகங்கள். அவரை அடையாளம் தெரியாத முகங்கள்.

"பேர் வெச்சது தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் லோர்னா. "நீங்கதானே பொண்ணுன்னு அடிச்சு சொன்னீங்க. மரியாதை குடுக்கணுமில்ல."

"தூக்கிப் பாக்கலாமா?"

"தாராளமா. கடிக்க மாட்டா."

பழகிய கைகளுக்குச் சேவல் எதிர்ப்புக் காட்டவில்லை. இடது அக்குளில் இடுக்கிக்கொண்டபோது அதன் நெஞ்சு அவர் விலா எலும்பில் அடித்தது. கடலிலிருந்து வந்த காற்றில் அதன் குடுமியும் அவருடைய கழுத்துப்பட்டையும் ஒரே பக்கமாகப் பறந்தன. லோர்னா அதைப் பார்த்தார். குழாயை மூடினார். அடுத்துப் பேசியபோது பேருந்துக் குரல் இல்லை.

"நெவில் சொன்னார். ரெண்டு தடவ வெச்சும் ஒண்ணும் பொரிக்கலியாமே."

பாஸ்க் தலையசைத்தார்.

"எத்தனை வருஷம்?"

"முப்பத்தொண்ணு."

"எடுத்துட்டுப் போங்க. எனக்கு இவனோட பசங்க ரெண்டு பேரு பின்னாடி இருக்கானுங்க, அது போதும்." ஈரக் கைகளை மேலங்கியில் துடைத்துக்கொண்டார். "பழச இழுக்க வேண்டாம். யாராவது கேட்டா எங்கேர்ந்தோ வந்த சேவல்னு சொல்லிக்குங்க. எனக்கு அதுல ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. நீங்க அன்னிக்குச் சொன்ன மாதிரியே, பக்கத்து வீட்டுலேர்ந்து வேலி தாண்டி வந்துச்சுன்னே வெச்சுக்கலாம். பக்கத்து வீடு கடலா இருந்தா என்ன? நீந்தி வந்திருக்கும்."

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே பாஸ்க்கின் வலது கை சேவலின் இடது கால் வழியாக இறங்கியிருந்தது. கண்ணுக்கு முன் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மிளகு அளவு துளை. மூடவில்லை. ஓரம் நன்றாக ஆறி, வழவழப்பாக, சுத்தமாக விழுந்த துளை. அன்றைக்குப் பார்வை மங்கியிருந்தாலும் கை நடுங்கவில்லை. குனிந்து பார்த்தார். அறுவை செய்த கண்ணில் அது தப்பவே முடியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. அதன் வழியாகக் கீழே நனைந்த சிமென்ட் தரை தெரிந்தது.

கட்டைவிரலை அதன்மேல் வைத்து மூடிக்கொண்டார்.

லோர்னா எதையும் கவனிக்கவில்லை. "பெட்டி கொண்டாந்திருக்கீங்களா, இல்ல நான் ஒண்ணு தேடவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டி வேனில் இருந்தது. 'ஆமா' என்று ஒரு சொல் போதும். சேவலோடு வீட்டுக்குப் போய்விடலாம். மே கடைசியில் குஞ்சுகள் இருக்கும். ஆறாயிரத்தில் ஒன்றுகூட மாறாத கையாக அந்தக் கை அப்படியே இருக்கும்.

"மிசஸ் வின்," என்றார். "படிக்கற கண்ணாடி வெச்சிருக்கீங்களா?"

"உள்ள இருக்கு. ஏன், கையெழுத்து ஏதாவது போடணுமா?"

"எடுத்துட்டு வாங்க."

லோர்னா ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். இழுப்பறைகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

பாஸ்க் முற்றத்தில், வெயில் விழும் பக்கமாகத் திரும்பி நின்றார். சேவலின் இடது காலை மெல்ல மேலே தூக்கினார். மூன்று விரல்களையும் பிரித்து, சவ்வு வெளிச்சத்தில் விரியும்படி, வீட்டு வாசலை நோக்கிப் பிடித்தார். பிறகு கட்டைவிரலை எடுத்துவிட்டு, லோர்னா வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.